கணக்கில் ஏறாத செலவு

அன்பர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஜாகையையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவரை ‘அன்பர்’ என்றே குறிப்பிடுவோம். தென் டில்லியில் சர்க்கார்க் குடியிருப்பு ஒன்றில் நெடுங்காலமாக வாழ்கிறவர். அடுத்த வட்டாரத்தில் பழைய வீடுகளை இடித்துவிட்டு, அடுக்குக் குடியிருப்புகளும் அலுவலக மாளிகைகளும் எழுப்பப் போவதாகப் பேச்சு. அங்குள்ளவர்கள் ஒரு மகஜர் தயாரித்து, நம்மவர்களிடமும் கையெழுத்துக் கேட்டு வந்தார்களாம். இது குறித்துப் பேச ஒரு ஞாயிறு மாலை பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் கூடின. “நாம் பிழைக்க வந்தவர்கள், இன்று இங்கே, நாளை மாற்றல் உத்தரவு வந்தால் வேறெங்கோ. ஊர்க்காரர் வழக்கில் நமக்கு என்ன வேலை?” என்றனர் சிலர். “இடிந்து விழுகிற வீட்டுக்குப் பதில் புது வீடு கட்டுகிறார்கள், அதைத் தடுப்பது பாவம்” என்றனர் வேறு சிலர். கையெழுத்துப் போடாமலே, காபியோடு கூட்டம் கலைந்தது. ‘உங்கள் அபிப்பிராயம் என்ன?’ என்று கேட்டு முடித்திருக்கிறார் அன்பர்.

அபிப்பிராயம் சொல்வது எளிது. அதற்கு முன், இதே நகரில் இதே போன்ற ஒரு காரியம் எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்த்துவிடுவது நல்லது. நம்மில் பலர் அதன் நடுவே வாழ்ந்தும், முழுக் கதையையும் ஒரு சேரக் கேட்டதில்லை.

2016-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. டில்லியில் சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர், தியாகராஜ் நகர், முகம்மத்பூர், கஸ்தூர்பா நகர், ஸ்ரீநிவாஸ்புரி ஆகிய ஏழு சர்க்கார்க் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்பது அத்திட்டம். இருந்த வீடுகள் 12,970. கட்டப்படுபவை 25,667. முப்பது ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்து மதிப்பீடு 32,835 கோடி ரூபாய். இத்தனை பெரிய தொகைக்குக் கஜானாவைத் தொட வேண்டியதில்லை என்பதே திட்டத்தின் விசேஷம். நௌரோஜி நகரிலும் சரோஜினி நகரின் ஒரு பகுதியிலும் வணிக மாளிகைகளைக் கட்டி, அந்த இடங்களை விற்று வரும் பணத்திலேயே வீடுகளையும் கட்டிக்கொள்வது என்று ஏற்பாடு.

வீடு இரட்டிப்பாவதை நாம் குறை கூற முடியாது. க்வார்ட்டர்ஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வாடகை வீட்டில் பாதிச் சம்பளத்தைக் கொட்டி ஆண்டுக் கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! பழைய வீடுகளின் லட்சணமும் நாம் அறியாததன்று. மழைக்காலத்தில் கூரை ஒழுகாத இடம் பார்த்துக் கட்டிலை நகர்த்துவது ஒரு கலையாகவே நம் இல்லங்களில் வளர்ந்திருந்தது. ஆகவே, ‘கட்டவே கூடாது’ என்ற கட்சியில் நான் சேர்ந்தவனல்லன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் சொல்லப் போவதற்கு உள்நோக்கம் கற்பிக்க இடமிராது.

தணிக்கை அலுவலகத்தில் உத்தியோக காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எந்தச் செய்தியைப் படித்தாலும் ‘இந்தச் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது?’ என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அமைச்சரவை முடிவைப் பத்திரிகையில் படித்த அன்று அவர் சொன்னார்: “ஓய், செலவில்லாமல் வீடு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. கஜானா கொடுக்கவில்லையென்றால் வேறு யாரோ கொடுக்கிறார்கள். அது யார் என்று மட்டும் பாரும்.”

யார் கொடுத்தார்கள் என்பது 2018-ஆம் ஆண்டு கோடையில் தெரிய வந்தது. ஏழு குடியிருப்புகளிலுமாக 16,000-க்கு மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட இருந்தன. அவற்றில் பெரும்பகுதி சரோஜினி நகரில். வேம்பும் அரசும் நாவலும் நிழல் பரப்பிய அந்தத் தெருக்களை நம் வாசகர்கள் பலர் அறிவார்கள். குடை மறந்த நாளிலும் மே மாத நண்பகலில் கடைத்தெரு வரை நடந்து போய்வர முடிந்த தெருக்கள் அவை. அந்த ஜூன் மாதத்தில் சரோஜினி நகரில் மக்கள் திரண்டு மரங்களைக் கட்டித் தழுவி நின்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. ஜூலை 4 வரை மரம் வெட்டுவதில்லை என்று, கட்டுமானப் பொறுப்பேற்ற பொதுத்துறை நிறுவனமான என்.பி.சி.சி. ஜூன் 25 அன்று நீதிமன்றத்தில் உறுதி கூறியது. பின்னர், மரங்கள் தப்பும்படி வரைபடங்களை மாற்றி அமைப்பதாக மத்திய அமைச்சகம் அறிவித்தது. நௌரோஜி நகரிலோ அதற்குள் பெரும்பாலானவை சாய்ந்துவிட்டிருந்தன.

வெட்டும் மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்றுகள் நட வேண்டும் என்பது டில்லியில் உள்ள ஏற்பாடு. 1994-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இது நடந்து வருகிறது. ஆகவே 16,000 மரத்துக்கு 1,60,000 கன்றுகள்! காகிதத்தில் பார்த்தால் நகரத்துக்கு லாபமே. என் நண்பர் இந்த இடத்தில் தம் பழைய அலுவலகத்தின் அறிக்கையை எடுத்துப் போட்டார். 2014 முதல் 2017 வரையிலான ஆண்டுகளில் டில்லியில் 13,018 மரங்களை வெட்ட அனுமதி தரப்பட்டது, அதற்கு ஈடாக வனத்துறை நட வேண்டியிருந்த கன்றுகள் 65,090, நட்டவை 21,048. இது தலைமைத் தணிக்கை அதிகாரியின் கண்டுபிடிப்பு. நட்ட கன்றுகள்தாம் எங்கே? பெரும்பாலும் நகரின் விளிம்பில், இடம் கிடைத்த இடத்தில். சரோஜினி நகர்த் தெருவில் நடக்கும் கிழவிக்கு அந்தக் கன்று மரமாகும் நாளிலும் நிழல் கிடைக்காது. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் டில்லி அரசு மர இடமாற்றக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பாதிக்கப்படும் மரங்களில் நூற்றுக்கு 80-ஐப் பெயர்த்து வேறிடத்தில் நட வேண்டும் என்றும், அவ்வாறு நட்டவற்றில் 80 பிழைத்திருக்க வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அறுபது வயது வேம்பை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டால் அது பிழைக்கும் என்று சத்தியம் செய்யக்கூடிய தோட்டக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மரத்தைப் பற்றி ஊரே பேசியது. அது நியாயம், மரம் கண்ணுக்குத் தெரிகிறது, வெட்டினால் ஓசை கேட்கிறது. ஆனால் மரத்தைவிடப் பெரிய செலவு ஒன்று ஓசையின்றி எழுதப்படாமல் போயிற்று என்பது என் எண்ணம். அது சாலை. அதைப் பற்றித்தான் இம்மாதம் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

2025-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பிரதமர் இரண்டு கட்டடத் தொகுதிகளைத் திறந்து வைத்தார். ஒன்று, சரோஜினி நகரில் 28 கோபுரங்களில் 2,500-க்கு மேற்பட்ட வீடுகள். மற்றொன்று, நௌரோஜி நகரில் உலக வர்த்தக மையம். இந்த மையம் எழுந்த இடத்தில் முன்பு 600-க்கு மேற்பட்ட பழைய க்வார்ட்டர்ஸ் இருந்தன. இப்போது சுமார் 34 லட்சம் சதுர அடி வணிக இடம் இருக்கிறது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 600 வீடு என்றால் மூவாயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் இரவில் அங்கே உறங்கி, காலையில் வெளியே போய், மாலையில் திரும்பியவர்கள். பெரும்பாலோர் பஸ்ஸிலும் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும். இனி அலுவலகக் கணக்கு. தாழ்வாரம், மாடிப்படி, சந்திப்பு அறை எல்லாம் சேர்த்துத் தாராளமாக ஆளுக்கு 170 சதுர அடி என்று கொண்டாலும், 34 லட்சம் சதுர அடியில் 20,000 பேர் உட்காரலாம். அவர்களில் நான்கில் ஒருவர் காரில் வருவதாகவும், அவர்களிலும் பாதிப் பேர் காலையில் ஒரே மணி நேரத்தில் வந்து சேர்வதாகவும் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 2,500 கார். இது என் மதிப்பீடு. இடம் முழுவதும் நிரம்பினால் என்ன ஆகும் என்று பார்க்கப் போட்ட கணக்கு. கூட்டிக் குறைத்துக்கொள்ள வாசகருக்கு உரிமை உண்டு.

ஒரு சாலை எவ்வளவு தாங்கும் என்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட நெறிமுறை ஒன்று இருக்கிறது. அதன் எண் 106. இரு திசைகளும் சேர்ந்து ஆறு தடங்கள் கொண்ட நகரப் பிரதான சாலைக்கு மணிக்கு 5,400 ‘கார் அலகு’ என்றும், எட்டுத் தடச் சாலைக்கு 7,200 என்றும் அது கணக்கிடுகிறது. ஆறு தடச் சாலையில் ஒரு திசைக்கு 2,700. ஆக, ஒரே ஒரு வளாகத்தின் கார்கள் மட்டுமே அந்தச் சாலையின் ஒரு பக்கத்தை ஏறக்குறைய நிரப்பிவிடப் போதுமானவை. ஆனால் ரிங் ரோடு அந்த வளாகத்துக்காகக் காலியாக வைக்கப்பட்டிருக்கவில்லை. அதே வழியில் மோதி பாக்கிலிருந்தும் தவுலா குவாவிலிருந்தும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பிகாஜி காமா பிளேஸ் அலுவலகங்கள் இருக்கின்றன. சரோஜினி நகர்ச் சந்தை இருக்கிறது. சற்றுத் தள்ளி, இதே போல் இடித்துக் கட்டப்பட்ட கிழக்குக் கித்வாய் நகர் இருக்கிறது. இவை அனைத்துக்கும் நடுவில் சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் எய்ம்ஸும் இருக்கின்றன. வட இந்தியா முழுவதிலுமிருந்து நோயாளிகள் வந்து சேரும் இடம் அது. நெரிசலில் நின்றுகொண்டு சைரன் ஊதும் ஆம்புலன்ஸுக்கு வழிவிட மனமிருந்தும் இடமில்லாமல் தவித்த அனுபவம் அந்தச் சாலையில் போகும் யாருக்கும் உண்டு. எழுதப்படாத செலவு என்று என் நண்பர் சொல்வது அந்த ஆம்புலன்ஸுக்குள் இருப்பவரின் நிமிடங்களை.

‘இதையெல்லாம் யாரும் முன்கூட்டிப் பரிசீலிப்பதில்லையா?’ என்று வாசகர் கேட்கலாம். பரிசீலிக்கிறார்கள். அதற்குச் சட்டமே இருக்கிறது. 1994-இல் முதன்முதலாக நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. அப்போது அது பெரும்பாலும் அணை, சுரங்கம், ஆலை ஆகியவற்றுக்கே. 2004 ஜூலையில் பெரிய கட்டடங்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. 2006 செப்டம்பர் 14-ஆம் நாள் வெளிவந்த புதிய அறிவிக்கையின்படி, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு முன் அனுமதி வேண்டும்; 1,50,000 சதுர மீட்டரோ 50 ஹெக்டேரோ எட்டிவிட்டால் அவை நகரியத் திட்டங்கள் என்ற வேறு வகுப்பில் சேரும். அறிவிக்கையுடன் இணைக்கப்பட்ட படிவம் 1ஏ-வில் போக்குவரத்துக் கேள்வியும் இருந்தது. அக்கம்பக்கப் போக்குவரத்து என்ன ஆகும்? வண்டி நிறுத்த இடத்துக்குத் தட்டுப்பாடு வருமா? வளாகத்தின் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் என்ன ஏற்பாடு? நல்ல கேள்விகள்தாம்.

கேள்வி நுழைவாயிலோடு நின்றுவிடுவதே குறை. ஒவ்வொரு திட்டமும் தன் வாயிலை மட்டும் பார்த்து அறிக்கை எழுதுகிறது. நௌரோஜி நகர் அறிக்கையை வாசிப்பவர், அதில் நௌரோஜி நகரின் கார்களைக் காண்பார். சரோஜினி நகர் அறிக்கையில் சரோஜினி நகரின் கார்களை. எல்லாக் கார்களும் போய்ச் சேர்வது ஒரே சாலையில். அந்தச் சாலைக்கு என்று தனியாக அறிக்கை எழுதும் பொறுப்பு எந்தத் திட்டக்காரருக்கும் இல்லை. டில்லியில் போக்குவரத்துத் திட்டங்களை ஒருங்கிணைக்க 2008-இல் அபிவிருத்தி ஆணையத்தின் கீழ் ‘யூட்டிபெக்’ என்ற மையம் அமைக்கப்பட்டதே இந்தக் குறையை உத்தேசித்துத்தான். ஆயினும் இடிப்பது, கட்டுவது, விற்பது என்று முடிவாகி, எத்தனை லட்சம் சதுர அடி விற்க வேண்டும் என்பதும் நிர்ணயமான பிறகு போக்குவரத்து நிபுணரிடம் காகிதம் வந்தால் அவர் என்ன செய்வார்? சிக்னலை இங்கே வை, மேம்பாலத்தை அங்கே வை என்றுதான் சொல்வார். ‘பத்து லட்சம் சதுர அடியைக் குறை’ என்று அவர் சொன்னால் வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்? வீட்டின் விலையைச் சாலையின் தலையில் எழுதிவிட்ட பிறகு, சாலையைப் பற்றிய ஆராய்ச்சி ஒரு சடங்குதான். கலியாணம் முடிந்து பந்தலையும் பிரித்த பிறகு ஜாதகம் பார்ப்பது போல.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அணைக்கும் ஆலைக்கும் சட்டப்படி பொதுமக்கள் விசாரணை உண்டு. கலெக்டர் தலைமையில் ஊர் மைதானத்தில் பந்தல் போட்டு நடத்துவார்கள். கட்டடத் திட்டங்களுக்கும் நகரியத் திட்டங்களுக்கும் 2006 அறிவிக்கை அந்த விசாரணையிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. நகரத்தின் நடுவே ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பாதிக்கும் காரியத்தில் அந்தக் குடும்பங்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆகவேதான் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ள நேர்கிறது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் காலை என் நண்பர் என்னை ஒரு நாற்சந்திக்கு இழுத்துக்கொண்டு போனார். கையில் பழைய தணிக்கைக் குறிப்பேடு, காதில் பென்சில், கழுத்தில் மப்ளர். வண்டி எண்ணப் போகிறோம் என்றார். போக்குவரத்து அறிக்கைகளில் வண்டிகளை எப்படி எண்ணுகிறார்கள் என்று அவர் படித்துக்கொண்டு வந்திருந்தார். எல்லா வண்டியையும் காராக மாற்றிவிடுவார்கள். ஒரு கார் ஓர் அலகு. போக்குவரத்தில் பஸ்ஸின் பங்கு குறைவாக இருந்தால் ஒரு பஸ் 2.2 அலகு, மிகுந்திருந்தால் 3.7. ஸ்கூட்டர் அரை அல்லது முக்கால். சைக்கிள் அரை அல்லது அதற்கும் கீழ். சாலையில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதே அளவுகோல்.

அரை மணி நேரம் சென்றிருக்கும். கூட்டம் வழியும் பஸ் ஒன்று வந்து நின்றது. நண்பர் பென்சிலை எடுத்தார். “இது 2.2” என்றார். பின்னால் ஒரே ஒரு மனிதர் அமர்ந்த பெரிய கார் ஒன்று. “இது ஒன்று” என்றார். அப்போது பள்ளிக்கூடப் பையன்கள் நால்வரும், தலையில் கூடையுடன் ஒரு கிழவியும், கை கோத்துக்கொண்டு ஒரு தம்பதியும் சாலையைக் கடக்க முயன்று, முடியாமல் நடுத் திட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். “இவர்கள்?” என்று கேட்டேன். குறிப்பேட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பட்டியலில் இவர்களுக்குத் தலைப்பு இல்லையே, ஓய்!” என்றார்.

நடப்பவரை எண்ணுவதற்கு வேறு நெறிமுறைகள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சாலை தாங்குமா, தாங்காதா என்ற தீர்ப்பு கார் அலகில்தான் எழுதப்படுகிறது. தாங்காது என்று வந்தால் பரிகாரமும் காருக்கே: சாலையை அகலப்படுத்து, நடைபாதையைக் குறுக்கு, மேம்பாலம் கட்டு. அகலமான சாலையைக் கடப்பது நடப்பவருக்கு இன்னும் கடினம். கடினமானதால் அவரும் கடன் வாங்கியேனும் ஒரு ஸ்கூட்டர் வாங்குகிறார். அடுத்த அறிக்கையில் அவர் முக்கால் அலகாகப் பதவி உயர்வு பெறுகிறார்.

மனிதரை எண்ணுவதா, வண்டியை எண்ணுவதா என்பது டில்லியில் ஒரு முறை நேருக்கு நேர் மோதிப் பார்த்த கேள்வி. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பஸ்ஸுக்கு என்று நடுத்தடம் ஒதுக்கி 2008-இல் ஒரு பாதை திறந்தார்கள். பஸ் விரைந்தது; கார்கள் தேங்கின. கார்க்காரர் தரப்பில் வழக்கு வந்தது. 2012-இல் உயர் நீதிமன்றம், சாலை என்பது வண்டிகளுக்கல்ல, மனிதர்கள் போவதற்கு என்ற போக்கில் பஸ் தடத்தை ஆதரித்துத் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்ற பாதை அரசியலில் தோற்றது; 2016-இல் அதைப் பெயர்த்தெறிந்துவிட்டார்கள். அந்தப் பாதையின் அமைப்பில் குறைகள் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. நடுத்தடத்தில் பஸ் நிறுத்தம் வைத்து, அதற்குப் போக இருபக்கமும் பாயும் கார்களைக் கடக்கச் செய்தது எந்த மூளைக்கு உதித்த யோசனையோ! ஆயினும் பஸ்ஸில் போன மனிதர்களை எண்ணியிருந்தால், குறையைத் திருத்தியிருப்பார்களேயன்றிப் பாதையையே பெயர்த்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இளஞ்சிவப்புத் தடத்து மெட்ரோ இந்த வட்டாரத்துக்கு வந்தது. பிகாஜி காமா பிளேஸ், சரோஜினி நகர், ஐ.என்.ஏ. என்று வரிசையாக நிலையங்கள். என் கணக்கில் கண்ட 2,500 காரை 500-ஆகக் குறைக்க வல்லது இந்த ரயில் ஒன்றுதான். ஆனால் நிலையத்தில் இறங்கியவர் அலுவலக வாயில் வரை தம் காலில் செல்ல வேண்டும். அந்த நடை உடையாத நடைபாதையிலா, நிழலிலா, சாக்கடை மூடியைத் தாண்டித் தாண்டியா என்பதில் இருக்கிறது சூட்சுமம். மரத்துக்கும் போக்குவரத்துக்கும் தொடர்பில்லை என்று யாரேனும் சொன்னால், அவரை ஜூன் மாதம் இரண்டு மணிக்கு மரமில்லாத தெருவில் நடக்கச் சொல்லுங்கள். மறுநாள் அவர் காரில் வருவார்.

தூசியைப் பற்றியும் எழுத வேண்டும், இடமில்லை. குளிர்காலத்தில் காற்று நஞ்சாகி, கட்டட வேலைகளை அவ்வப்போது நிறுத்தி வைக்க உத்தரவு பிறப்பிப்பது டில்லியில் ஆண்டுதோறும் நடக்கும் வைபவம். கூலி போய்விடுகிறவர்களில் தமிழ்நாட்டுக் கொத்தர்களும் உண்டு. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

இனி அன்பரின் கேள்விக்கு வருவோம். ‘நாம் பிழைக்க வந்தவர்கள், நமக்கேன்?’

டில்லியில் பிழைக்க வராதவர் யார்? 1947-இல் உடுத்த துணியோடு வந்த பஞ்சாபிக் குடும்பங்கள் இன்று ஊர்க்காரர்கள். சர்க்கார்க் குடியிருப்பிலோ ஒவ்வொரு வீடும் மாற்றலுக்குக் காத்திருக்கும் வீடு. எல்லோரும் ‘நான் போகிறவன்’ என்று ஒதுங்கினால் அந்தத் தெருவுக்குப் பேச ஒருவரும் எஞ்சமாட்டார்கள். லட்சுமிபாய் நகரிலும் மோதி பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் நம் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் நடக்கின்றன. நாம் மாற்றலாகிப் போனாலும் பள்ளிகள் போகப் போவதில்லை. அங்கே காலையில் சாலையைக் கடக்கும் பிள்ளைகள் நம் பிள்ளைகளாக இல்லாவிட்டால், நமக்குப் பின் அந்த க்வார்ட்டர்ஸுக்கு வரப்போகும் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைகளாக இருப்பார்கள்.

‘புது வீட்டைத் தடுப்பது பாவம்’ என்ற இரண்டாம் கட்சிக்கும் என் பதில் உண்டு. மகஜர் வீட்டைத் தடுக்க வேண்டியதில்லை. கையெழுத்துக்கு வந்த காகிதத்தை அன்பர் நகலெடுத்து அனுப்பியிருந்தார். ‘மரங்களைக் காப்பாற்றுக, நெரிசலைத் தவிர்க்க’ என்று உருக்கமாக எழுதியிருக்கிறார்கள். உருக்கத்துக்கு அதிகாரி ‘பார்த்தேன்’ என்று கையெழுத்திட்டுக் கோப்பில் கட்டிவிடுவார். கேள்வியாகக் கேட்டால் பதில் எழுதியே தீர வேண்டும். இந்த வளாகமும் இதன் அக்கம்பக்கத்தில் அனுமதி பெற்ற மற்ற வளாகங்களும் நிரம்பிய பிறகு, நம் பிரதான சாலையில் நெரிசல் வேளையில் மொத்தம் எத்தனை வண்டி, எத்தனை மனிதர்? எந்த மாதத்தில், எந்தக் கிழமையில் எண்ணினீர்கள்? பள்ளி விடுமுறையில் எண்ணிய எண்ணைப் பள்ளி நாளுக்குப் பயன்படுத்தலாகாது. நிலையத்திலிருந்து வாயில் வரை நடைபாதை எத்தனை அடி அகலம்? எத்தனை கார் நிறுத்த இடம் கட்டுகிறீர்கள், ஏன் அத்தனை? நிறுத்த இடம் கூடினால் காரும் கூடும் என்பதை நினைவூட்டுங்கள். எந்த மரம் எந்த எண், எது நிற்கும், எது போகும்; பெயர்த்து நட்டது மூன்றாம் ஆண்டில் உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பவர் யார்?

அனுமதிக் காகிதங்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் கிடைக்கின்றன. கிடைக்காதவற்றை 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். அனுமதி அளித்த பின் அதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்ய 30 நாட்கள் அவகாசம்; தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள். அதற்கு மேல் ஒரு நாள் கடந்தாலும் கதவு அடைபடும். கூட்டத்தைக் காபியோடு கலைத்துவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்பவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைக்கட்டும்.

கேள்விக்குப் பதில் பெறுவதால் என்ன பயன் என்று சிலர் சலித்துக்கொள்வர். நகரின் நடு மையத்தில் புதிய பாராளுமன்றம் உள்ளிட்ட சென்ட்ரல் விஸ்டா திட்டம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது நினைவிருக்கும். 2021 ஜனவரி 5-ஆம் நாள் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் திட்டத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மாறுபட்ட நீதிபதி சஞ்ஜீவ் கன்னா, பொதுமக்களுக்குப் போதிய விவரம் தந்து கருத்துக் கேட்கவில்லை என்றும், சுற்றுச்சூழல் அனுமதியில் காரணங்கள் எழுதப்படவில்லை என்றும் குறை கண்டார். திட்டம் நிற்கவில்லை, பாராளுமன்றம் 2023 மே 28-இல் திறக்கப்பட்டது. ஆனால் அனுமதி தருகிறவர் காரணம் எழுத வேண்டுமா என்ற கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் எழுப்பப்பட்டு, ஒரு நீதிபதியின் கையால் ஏட்டில் ஏறியிருக்கிறது. அடுத்த வழக்கறிஞர் அதை எடுத்துக்காட்டுவார். சாதாரண மனிதர்கள் சிலர் ஆட்சேபணை எழுதிப் போட்டதால்தான் அந்த வழக்கே உண்டாயிற்று.

சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் அன்பர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. அவர்களை நான் நிர்ப்பந்திக்கமாட்டேன். ஓய்வு பெற்றவர்கள் நம்மில் அநேகர் இருக்கிறோம். பென்ஷனை யாரும் மாற்றல் செய்ய முடியாது. முதல் கையெழுத்துகள் எங்களுடையவை ஆகட்டும்.

ஆகவே அன்பரே, மகஜரைத் திருத்தி எழுதியதும் ஒரு நகலை இந்த விலாசத்துக்கு அனுப்புங்கள். அத்துடன் உங்கள் வட்டாரத்தில் பள்ளிக்கூடம் விடும் நேரம் எது, பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடம் எது என்பதையும் எழுதுங்கள். நாங்கள் இருவரும் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து நிற்கிறோம். நண்பர் குறிப்பேட்டில் நடப்பவர்களுக்கு என்று ஒரு புதிய பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறார்.